டயர் மாத்துனா ஸ்டீயரிங் ஏன் மாறுது: உங்க கேள்விகளும் என் பதிலும்

கேள்வி: அண்ணா, ஸ்விஃப்ட் பேஸ் மாடல், 165/80 ஆர்14 டயர். டாப் மாடல்ல வர்ற 185/65 ஆர்15 போட்டா ஸ்டீயரிங் ஷார்ப் ஆகுமா?

பதில்: ஆகும் தம்பி, முதல் வளைவுலயே தெரிஞ்சிடும். அகலம் கூடுறதால தான்னு எல்லாரும் சொல்வாங்க, அது பாதி தான். 165/80 ஆர்14னா டயர் அகலம் 165 மி.மீ, அதுல 80 சதவீதம் சைடுவால் (ரிம்முக்கும் தரைக்கும் நடுவுல இருக்க டயரோட பக்கச் சுவர்) உயரம், ரிம் 14 இன்ச். அப்படிப் பார்த்தா பழசுல சைடுவால் உயரம் 132 மி.மீ, இதுல 120. ஸ்டீயரிங்க திருப்புனதும் முதல்ல திரும்புறது ரிம், தரையில ஒட்டியிருக்க ரப்பர் அப்புறம் தான் வரும், நடுவுல சைடுவால் முறுக்கிக்கிட்டு நிக்கும், அந்த முறுக்கு ஏறுற வரைக்கும் வண்டி மூக்கு திரும்பாது. சைடுவால் குட்டையா விறைப்பா இருந்தா அந்த தாமதம் கொறையும். ரெண்டுக்கும் மொத்த விட்டம் 620 மி.மீ கிட்ட தான், அதனால ஸ்பீடோமீட்டர் கவலை இல்ல. ரிம் மட்டும் 15 இன்ச் வாங்கியாகணும், ஸ்டெப்னியையும் மறந்துடாதீங்க.

கேள்வி: அப்போ நேரா 195/55 ஆர்16 போயிடலாமே?

பதில்: போலாம், விட்டம் அதே தான் வரும், சைடுவால் 107 ஆயிடும். நம்ம ரோட்டுல ஒரு நல்ல பள்ளம் போதும், ரிம் நெளியும் இல்ல சைடுவால்ல பல்ஜ் (வீக்கம்) வரும். லாரி ஓடி தடம் விழுந்த லேன்ல அகல டயர் அந்த தடத்தையே புடிச்சுக்கிட்டு ஸ்டீயரிங்க இழுக்கும். என்னைக் கேட்டா 15 போதும்.

கேள்வி: கொல்லிமலை இறங்குறப்போ வளைவு நடுவுல ஸ்டீயரிங் திடீர்னு லேசாயிடுது சார். பவர் ஸ்டீயரிங் கோளாறா?

பதில்: எப்பவுமே வளைவுல வேகமா போறப்போ மட்டும் தான்னா பெரும்பாலும் கோளாறு இல்ல, டயர் உங்களுக்கு எச்சரிக்கை குடுக்குது. வண்டி திரும்புறப்போ பக்கவாட்டு விசை டயர் தரையைத் தொடுற இடத்தோட நடுவுல விழாது, கொஞ்சம் பின்னாடி தள்ளி விழும், அந்த இடைவெளி தான் சக்கரத்த நேராக்கப் பார்க்கும், கையில கனமா தெரியறதுல பெரும்பங்கு அது தான். பிடிமானம் தீரப்போறப்போ விசை உச்சத்துக்கு போறதுக்கு முன்னாடியே அந்த இடைவெளி சுருங்கிடும், கனமும் கொறைஞ்சிடும். ஸ்டீயரிங் ஃபீல்னு சொல்றாங்களே, அதுல முக்கியமான விஷயமே இது தான், ஷார்ப்பா திரும்புறது வேற, இந்த சேதி கைக்கு வர்றது வேற. இப்போ வர்ற எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் இதுல பாதிய மறைச்சிடுது, உங்களுக்கு தெரியுதுன்னா சந்தோஷப்படுங்க. ஆனா 70 கொண்டை ஊசி வளைவு இருக்க மலை அது, லேசாகுதுன்னா இன்னும் திருப்பாதீங்க, வளைவுக்கு முன்னாடியே வேகத்தக் கொறைங்க.

கேள்வி: புது டயர் போட்டேன் ப்ரோ, தேஞ்சு போன பழசே பரவால்ல போல, ஸ்டீயரிங் மந்தமா இருக்கு. கடைக்காரன் ஏமாத்திட்டானா?

பதில்: ஏமாத்தல. புது டயர்ல பட்டன் (தரையில படுற ரப்பர் கட்டைங்க) 7, 8 மி.மீ உயரம் இருக்கும், அழிரப்பர நிக்க வச்சு தேய்ச்சா வளையுற மாதிரி ஒவ்வொரு கட்டையும் வளையும். தேஞ்சதுல கட்டை குட்டை, வளைய எடமில்ல, அதனால காஞ்ச ரோட்டுல ஷார்ப்பா தெரியும். மழையில அதே டயர் தண்ணி மேல மிதக்கும். சட்டப்படி 1.6 மி.மீ தான் கடைசி, பள்ளத்துக்குள்ள டி.டபிள்யூ.ஐ மேடு (தேய்மான அளவ காட்டுற சின்ன மேடு) இருக்கும் பாருங்க, நான் 3 மி.மீ வந்தாலே மாத்த சொல்லுவேன். முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமா ஓட்டுங்க, அச்சுல பூசுன வழவழப்பு போகணும்.

கேள்வி: டோர் ஸ்டிக்கர்ல டயர் காத்தழுத்தம் 33 பிஎஸ்ஐ, ஆனா 40 வச்சா ஸ்டீயரிங் லேசா சூப்பரா இருக்கே?

பதில்: லேசா இருக்கும், தரைய தொடுற ரப்பர் கொறையும். கரடு ரோட்டுல குதிக்கும், பிரேக்குக்கும் நல்லதில்ல. 33னா 33, காலைல வண்டி எடுக்கும் முன்ன. 26, 27க்கு எறங்குனா ஸ்டீயரிங் கனமாவும் லேட்டாவும் ஆகும், நிறைய பேர் அத வச்சு தான் அலைன்மென்ட்டுக்கு (சக்கரங்களோட கோணத்த சரி பண்ண) வர்றாங்க, காத்தடிச்சா சரியாயிடும்.

கேள்வி: ரெண்டு டயர் வாங்க தான் காசு இருக்கு. முன்னாடியா பின்னாடியா?

பதில்: பின்னாடி. முன் சக்கரம் இழுக்குற வண்டியா இருந்தாலும் பின்னாடி தான். முன்பக்கம் வழுக்குனா ஆக்ஸிலரேட்டர்ல இருந்து கால எடுத்தா சமாளிக்கலாம், மழையில பின்பக்கம் வழுக்குனா வண்டி சுத்திடும்.

கேள்வி: அண்ணை, நான் மாண்ட்ரியல்ல இருக்கிறன். வின்டர் டயர் போட்டாப் பிறகு ஸ்டீயரிங் மிதக்கிற மாதிரிக் கிடக்கு. பிழையோ?

பதில்: பிழை இல்லை. அந்த ரப்பர் 7 டிகிரிக்கு கீழ இறுகாம இருக்க மென்மையா செய்யுறது, கட்டை முழுக்க மெல்லிய வெட்டு வேற, அதான் காஞ்ச ரோட்டுல நெளியுது. கியூபெக்ல டிசம்பர் 1ல இருந்து மார்ச் 15 வரை சட்டமே அது தான, பனியில அருமை புரியும். வெயில் வந்ததும் கழட்டிடுங்க, சூட்டுல சீக்கிரம் தேயும்.

கேள்வி: அலைன்மென்ட் ரெண்டு தடவை பண்ணியும் வண்டி இடதுபக்கம் இழுக்குது.

பதில்: முன் டயர் ரெண்டையும் இடம் வலமா மாத்திப் பாருங்க. இழுப்பு வலதுபக்கம் போச்சுன்னா குத்தம் டயர்ல. பக்கவாட்டுல அம்புக்குறி போட்ட டயர்னா இப்படி மாத்தக்கூடாது, முன்னும் பின்னுமா மாத்திப் பாருங்க. எப்படி மாத்தியும் இடதுபக்கமே போகுதுன்னா டயர விட்டுட்டு பிரேக் கேலிப்பர் (பிரேக் பேட அழுத்திப் புடிக்கிற பாகம்) ஒட்டிக்கிச்சா, லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்த புடிச்சிருக்க கீழ் கம்பியோட ரப்பர்) போயிடுச்சான்னு பாக்க சொல்லுங்க.