சிங்கப்பூரில் பெர்மிட் தொழிலாளிக்குச் சம்பளம் ஏறுமா?

தம்பி, கட்டுமான வேலைக்கு ஒர்க் பெர்மிட்டில் வந்து எட்டு மாதம் ஆகிறது, பேசிக் (அடிப்படைச் சம்பளம்) மாதம் 800 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், என்று எழுதியிருக்கிறீர்கள். டார்மிட்டரியில் பக்கத்துக் கட்டில் அண்ணன் வந்து ஏழு வருடம் ஆகியும் அவருக்கு 860தானாம். "இவ்வளவுதான் ஏறும் என்றால் ஏஜென்ட் கடனை அடைத்துவிட்டு ஊருக்கே கிளம்பிவிடவா?" என்பது உங்கள் கேள்வி.

கிளம்ப வேண்டாம். சம்பளம் ஏறும். ஆனால் வருடம் ஓடுவதால் மட்டும் ஏறாது, அந்த அண்ணனுக்கு நடந்தது அதுதான். நானும் பெர்மிட்டில் வந்தவன்தான். இப்போது சைட்டில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில் இருக்கிறேன். யாருக்கு ஏறுகிறது, யாருக்கு நிற்கிறது என்பதை இரண்டு பக்கமும் நின்று பார்த்ததால் சொல்கிறேன்.

முதலில் லெவி பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். உங்களை வேலைக்கு வைத்திருப்பதற்காக முதலாளி ஒவ்வொரு மாதமும் அரசாங்கத்துக்குக் கட்டும் தொகை அது. இந்தியாவிலிருந்து வந்த அடிப்படைத் திறன் கட்டுமானத் தொழிலாளிக்கு, 2024 ஜனவரி முதல், மாதம் 900 வெள்ளி. அதாவது உங்கள் பேசிக்கைவிட உங்களுக்காகக் கட்டும் லெவி அதிகம். இதே ஆள் உயர்திறன் தொழிலாளி, அதாவது ஆர்-1 ஆகிவிட்டால் லெவி 500 ஆகக் குறைகிறது. மாதம் 400 வெள்ளி மிச்சம். இரண்டு வருடப் பெர்மிட்டுக்குக் கணக்குப் போட்டால் 9,600. இதைத் தவிர, ஒரு கட்டுமான நிறுவனத்தின் பெர்மிட் தொழிலாளர்களில் குறைந்தது 10 சதவீதம் பேர் ஆர்-1 ஆக இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆகவே ஆர்-1 ஆள் முதலாளிக்குத் தேவை.

அந்த 400 வெள்ளியில் இவ்வளவு தொழிலாளிக்குப் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. படித்துப் பரீட்சை எழுதுகிறவன் தொழிலாளி, லெவி குறைகிற லாபம் முதலாளிக்கு. நல்ல முதலாளி பங்கு தருவார். மற்றவர்களிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்பதற்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஆர்-1 ஆகி இரண்டு வருடம் கழிந்த பிறகும் தன்னால் நிறுவனத்துக்கு எவ்வளவு மிச்சமாகிறது என்றே தெரியாத ஆட்களை எங்கள் சைட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

"சிங்கப்பூரில் குறைந்த சம்பளக்காரர்களுக்கு அரசே சம்பளத்தை ஏற்றுகிறதாமே" என்றும் கேட்டிருந்தீர்கள். அது படிப்படியான சம்பள முறை. துப்புரவு வேலையில் 2014-இல் கட்டாயமானது, பிறகு பாதுகாவலர், தோட்டப் பராமரிப்பு, சில்லறை விற்பனை, உணவகம் என்று விரிந்தது. நல்ல திட்டம். அலுவலகக் கட்டடத் துப்புரவாளரின் தொடக்கச் சம்பளம் அன்று 1,000 வெள்ளி, 2025 ஜூலையில் 1,910. பயிற்சி முடித்து அடுத்த படிக்குப் போனால் அதற்கான குறைந்தபட்சச் சம்பளமும் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் இது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். பெர்மிட்டில் இருக்கும் உங்களுக்கோ பக்கத்துக் கட்டில் அண்ணனுக்கோ பொருந்தாது. வெளிநாட்டுத் தொழிலாளிக்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டமும் இங்கே கிடையாது. நமக்கு இருக்கும் படி ஆர்-1 ஒன்றுதான்.

ஆர்-1 ஆக நான்கைந்து வழிகள் இருக்கின்றன. நேரடி வழி ஒன்று உண்டு, அதற்கு மாதாந்திர நிலையான சம்பளம் குறைந்தது 1,600 வெள்ளி இருக்க வேண்டும். 800-இல் இருக்கும் உங்களுக்கு இப்போது அது எட்டாது. உங்களுக்குக் கோர்டிரேட் (ஒரு முக்கியத் தொழிலில் டெஸ்ட் பாஸ் செய்வது) அல்லது மல்டி ஸ்கில் (ஒன்றுக்கு மேற்பட்ட தொழில்களில் பாஸ் செய்வது)தான் நடைமுறை வழி. இரண்டுக்கும் நான்கு வருட அனுபவம் வேண்டும். அந்த நான்கு வருடத்தைச் சும்மா ஓட்டுவதா, தயாராவதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்கள் சைட்டில் கம்பி கட்ட வந்த ஒருவரைச் சொல்கிறேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் அட்டையை விரித்துக் கண்ணை மூடுவார்கள். இவர் மட்டும் டிராயிங்கைக் கையில் வைத்துக்கொண்டு ஃபார்ம்வொர்க் (காங்கிரீட் ஊற்றும் அச்சுப் பலகை) போர்மேனிடம் போய் உட்காருவார். கம்பியின் விட்டம், இடைவெளி, கவர் எவ்வளவு என்று குறியீடுகளை ஒவ்வொன்றாகக் கேட்பார். ஊரில் பத்தாவதோடு நின்றவர். அப்புறம் அந்தப் பலகை, அதாவது ஷட்டர், அடிக்கவும் கற்றுக்கொண்டு இரண்டாவது டெஸ்ட்டும் பாஸ் செய்தார். ஒரு நாள் போர்மேன் வரவில்லை, காங்கிரீட் வண்டி வாசலில் நிற்கிறது, ஸ்லாப் கம்பியைச் சரிபார்த்துக் காட்ட ஆள் இல்லை. இவர் டிராயிங்கோடு போய் நின்று இன்ஜினியருக்குக் காட்டினார். அடுத்த பெர்மிட் புதுப்பிப்பில் அவர் சம்பளம் ஏறியது, அதுவும் நன்றாகவே ஏறியது. உங்களுக்கு டிப்ளோமா இருக்கிறது என்கிறீர்கள். டிராயிங் படிப்பது உங்களுக்கு இன்னும் சுலபம். ஆங்கிலத்தில் நாலு வரி ரிப்போர்ட் எழுதப் பழகிவிட்டால் சூப்பர்வைசர் பக்கம் வழி திறக்கும்.

சம்பள உயர்வு கேட்கும்போது பேசிக்கில் கேளுங்கள். இதை நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வேன். "அலவன்ஸ் 100 தருகிறோம்" என்றால் பலர் சந்தோஷமாகத் தலையாட்டிவிடுகிறார்கள். ஓடி (ஓவர்டைம், கூடுதல் நேர வேலை) கணக்கு பேசிக்கை வைத்துத்தான் போடப்படுகிறது. பேசிக்கை 12-ஆல் பெருக்கி, 52 வாரம், வாரம் 44 மணி நேரத்தால் வகுத்தால் ஒரு மணிக்கூலி வரும். ஓடிக்கு அதில் ஒன்றரை மடங்கு. 800 பேசிக்குக்கு ஓடி மணிக்கு சுமார் 6 வெள்ளி 29 காசு. பேசிக் 900 ஆனால் 7 வெள்ளி 8 காசு. மாதம் 72 மணி நேரம், அதாவது சட்டப்படி உச்ச அளவு ஓடி செய்கிறவருக்கு, அந்த 100 வெள்ளி உயர்வு ஓடியில் இன்னொரு சுமார் 57 வெள்ளியைக் கூட்டிக்கொண்டு வரும். அதே 100 அலவன்ஸாக வந்தால் 100-ஓடு நிற்கும். பேஸ்லிப்பை இன்றே எடுத்து, பேசிக் என்ற வரியும் ஓடி மணிநேரமும் சரியாக இருக்கிறதா பாருங்கள். உங்கள் ஐபிஏ கடிதத்தில் (வருவதற்கு முன் கொடுத்த வேலை அனுமதி ஒப்புதல் கடிதம்) உள்ள பேசிக்கும் பேஸ்லிப்பில் உள்ளதும் ஒத்துப்போக வேண்டும். குறைந்திருந்தால், நீங்கள் எழுத்தில் சம்மதித்தீர்களா என்பதுதான் முதல் கேள்வி.

அடுத்தது நேரம். பெர்மிட் நடுவில் கம்பெனி மாற வேண்டுமானால் இப்போதைய முதலாளியின் சம்மதம் வேண்டும். கட்டுமானத் துறையில் ஒரு விதிவிலக்கு உண்டு: பெர்மிட் முடிய 40 நாளிலிருந்து 21 நாள் வரை இருக்கும் இடைவெளியில், சம்மதம் இல்லாமலே புதிய முதலாளி உங்களுக்கு விண்ணப்பிக்கலாம். புதுப்பிப்புப் பேப்பரை அதற்கு முன்பே நீட்டி "கையெழுத்துப் போடு" என்பார்கள். போட்டுப் புதுப்பித்துவிட்டால் அந்தக் கதவு அடுத்த பெர்மிட் முடியும் வரை திறக்காது. பேச வேண்டியதைக் கையெழுத்துக்கு முன் பேசுங்கள். பெரும்பாலும் கம்பெனி மாற வேண்டிய அவசியமே வராது. மாறத் தெரிந்தவன் என்று தெரிந்தாலே பேச்சு மாறும். மாறுவதானால் மறுபடி ஏஜென்டிடம் கடன் வாங்கி மட்டும் மாறாதீர்கள், இரண்டு வருட உயர்வு அதிலேயே போய்விடும். லெவியையோ பெர்மிட் புதுப்பிக்கும் செலவையோ உங்கள் தலையில் கட்டினால் அது சட்டவிரோதம். மனிதவள அமைச்சிலோ வெளிநாட்டு ஊழியர் நிலையத்திலோ சொல்லலாம்.

எஸ் பாஸ் (பெர்மிட்டுக்கு அடுத்த நிலை, நடுத்தரத் திறன் ஊழியருக்கான அனுமதி) கனவு எல்லோருக்கும் இருக்கிறது. 2025 செப்டம்பர் முதல் புது விண்ணப்பத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி, வயது கூடக்கூட வரம்பும் ஏறும். கம்பெனிக்கு இத்தனை பேருக்குத்தான் என்ற ஒதுக்கீடும் இருக்கிறது. 800-இல் இருந்து ஒரே தாவலில் அங்கே போகிறவர்கள் மிகக் குறைவு. ஆர்-1, சேஃப்டி கோர்ஸ், சூப்பர்வைசர் வேலை என்று போனவர்களில் சிலர் போயிருக்கிறார்கள், டிப்ளோமா வைத்திருக்கும் நீங்களும் அதை மனதில் வைத்திருக்கலாம். எஸ் பாஸ் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் மட்டும் போகாதீர்கள்.

பக்கத்துக் கட்டில் அண்ணனுக்கும் இதைச் சொல்லுங்கள். அவருக்கு வயது ஆகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பெர்மிட்டில் இத்தனை வருடம்தான் இருக்கலாம் என்ற உச்சவரம்பு 2025 ஜூலையில் நீக்கப்பட்டுவிட்டது, வயது வரம்பும் 63 வரை போயிருக்கிறது. ஏழு வருட அனுபவம் உள்ளவர், கோர்டிரேட் டெஸ்ட்டுக்கு இப்போதே போகலாம். உங்களுக்கு முன்னால் அவர் ஆர்-1 ஆகிவிடுவார்.

உங்கள் பெர்மிட் எந்த மாதம் முடிகிறது, சைட்டில் எந்த ட்ரேடில் இருக்கிறீர்கள், ஐபிஏவில் பேசிக் எவ்வளவு என்று எழுதுங்கள். எந்த டெஸ்ட்டை முதலில் எடுப்பது, புதுப்பிப்பின்போது எவ்வளவு கேட்பது என்று சேர்ந்து கணக்குப் போடுவோம்.