மிச்சிக்கன் ஏரியில் மூழ்கிய மரக்கப்பல்: தேடலை எங்கே தொடங்குவது?

வணக்கம். 1870களின் பிற்பகுதியில் மிச்சிக்கன் ஏரியில் மூழ்கிய பாய்மரக் கப்பலொன்றின் பெயரும் ஒரு செய்தித்தாள் துணுக்கும் மட்டுமே கையிலிருப்பதாகவும், மில்வாக்கியிலுள்ள உங்கள் மைத்துனர் அதன் சிதைவில் சுழியோடவிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள்.

பெயரை மட்டும் நம்ப வேண்டாம். மிச்சிக்கன் உள்ளிட்ட வட அமெரிக்கப் பேரேரிகளில் ஒரே பெயரில் பல கப்பல்கள் ஓடின. கொழும்புச் சுவடிகள் திணைக்களத்தில் வல்வெட்டித்துறைத் தோணியொன்றைத் தேடியபோது, அதன் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்ததால் நானே பல வாரங்கள் தடுமாறினேன். அமெரிக்க அரசு 1860களின் பிற்பகுதியிலிருந்து கப்பல்களுக்கு வழங்கிய அதிகாரபூர்வ இலக்கத்தை முதலில் கண்டுபிடியுங்கள். அதைத் தரும், ஆண்டுதோறும் அச்சான வணிகக் கப்பற் பட்டியல்கள் இணையத்தில் உள்ளன.

அவ்விலக்கம் கிடைத்தால், வொஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்திடம் அக்கப்பலின் பதிவுச் சான்றிதழ்களைக் கேட்கலாம். உரிமையாளரோ பாய்மர அமைப்போ மாறும்போதெல்லாம் புதிய சான்றிதழ் எழுதப்பட்டதால், நீளம், அகலம், ஆழம், பாய்மரங்களின் எண்ணிக்கை ஆகியவற்றுடன் கைமாறிய வரலாறும் அவற்றில் இருக்கும். 1874ஆம் ஆண்டுச் சட்டப்படி சுங்க அதிகாரியிடம் அளிக்க வேண்டியிருந்த விபத்து அறிக்கையையும் சேர்த்துக் கேளுங்கள்.

மைத்துனர் அளவெடுத்துப் படம்பிடித்தால் போதும். எதையும் மேலே கொண்டுவர வேண்டாம். மரத்தைத் துளைக்கும் கடற்புழு நன்னீரில் வாழாததாலேயே அம்மரங்கள் நிலைத்திருக்கின்றன. 1864இல் மூழ்கி 1969இல் முழுதாக மேலெடுக்கப்பட்ட அல்வின் கிளார்க் என்ற கப்பல், கரையில் உக்கிப்போய், 1994இல் இடித்து அகற்றப்பட்டது.