அம்மம்மாட சீலையில அம்மம்மாட முகம்: தையல் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, அம்மம்மா மோசம் போய் வாற மாசியோட ஒரு வருசம். அலுமாரி நிறைய அவட சீலை கிடக்கு, அம்மா ஒண்டையும் ஒருத்தருக்கும் குடுக்க விடுறா இல்ல. கிரேசி குயில்ட் எண்டு துணியை கோணல் மாணலா வெட்டிப் பொருத்தி மேல எம்ப்ராய்டரி போடுறதை வீடியோவில பாத்தன். அதில அம்மம்மாட முகத்தையும் கொண்டு வரலாமா? கூறைச்சீலையை வெட்டுறதா இல்லையா எண்டு வீட்டில ஒரே சண்டை. – வெள்ளவத்தை வாசகி

பதில்: கொண்டு வரலாம் தங்கச்சி, ஆனா கூறை விசயத்தில நான் அம்மாட பக்கம். அதோட தச்ச பிளவுஸ் இருக்குமே, அது இனி ஒருத்தருக்கும் அளவா வராது, அதை வெட்டுங்கோ. பிளவுஸ் இல்லாட்டி இடுப்பில சொருகுற உள்தலைப்பில நாலு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு எடுத்தாக் காணும், சீலையும் முழுசா இருக்கும், அந்தப் பக்கம் வெயில் படாததால நிறமும் மங்கியிருக்காது.

பட்டு எண்டா இன்னொரு கதையும் இருக்கு. இந்த கிரேசி குயில்ட் அமெரிக்காவில 1880கள்ல வீட்டுக்கு வீடு பைத்தியம் மாதிரிப் பிடிச்ச ஒண்டு, பட்டும் வெல்வெட்டுமா தச்சவை. அந்தக் காலத்துப் பட்டுக்கு பாரம் கூட்டிக் காட்ட உலோக உப்பு ஏத்துவினம், அதால அப்ப தச்ச கனக்க குயில்ட்டில இப்ப பட்டுத்துண்டுகள் தன்பாட்டில கீலம் கீலமா கிழியுது, பக்கத்தில இருக்கிற சாதாரண பருத்தித் துண்டு அசையாம இருக்கு. அதனால சீலையை விரிச்சு, மடிப்பு விழுந்த கோட்டை வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்கோ. அதில இழை விட்டிருந்தா அந்த இடத்தை விட்டுட்டு வெட்டுங்கோ. நல்லா இருக்கிற பட்டுக்கும் பின்னால அயன் பண்ணினா ஒட்டுற மெல்லிசு கன்வஸ் வைக்க வேணும், இல்லாட்டி ஊசி ஏற ஏற துணி பிரியும். பட்டோ, நைலெக்ஸ் மாதிரி செயற்கைத் துணியோ எண்டு சந்தேகம் வந்தா ஒரு நூலை உருவி கொளுத்துங்கோ, மயிர் கருகின மணமும் கையில பொடியாகிற சாம்பலும் வந்தா பட்டு, உருகி கட்டியா நிண்டா மற்றது. மற்றதில அயனை சூடா வச்சீங்க எண்டா அம்மம்மாட சீலை அயன்லதான் ஒட்டியிருக்கும்.

இப்ப முகம். எல்லாரும் பிழை விடுற இடம் இதுதான், கண் மூக்கு வாய் எண்டு கீறத் தொடங்கிடுவினம். அப்பிடி இல்ல. நல்ல வெளிச்சத்தில ஒரு பக்கத்தால நிழல் விழுந்த படம் ஒண்டைத் தேடி, போன்லயே கறுப்பு வெள்ளையா மாத்தி, ஏ3 அளவில பிரிண்ட் எடுங்கோ. பிறகு கண்ணைச் சுருக்கிப் பாருங்கோ, அதில நல்ல வெளிச்சம், கொஞ்சம் வெளிச்சம், நடுத்தரம், இருட்டு எண்டு நாலு வட்டாரம்தான் தெரியும். அந்த எல்லைகளை ட்ரேசிங் பேப்பர்ல கீறி நம்பர் போட்டு, நம்பருக்கு ஒரு துணி. முகத்துக்கு பூப்போட்டது வேண்டாம், வெறும் பருத்தி, மண்ணிறத்தில நாலு சாயல். தேத்தண்ணிச் சாயத்தில தோய்ச்சு நிறம் எடுக்கலாம் எண்டு ஆரும் சொன்னா கேக்காதீங்க, தேயிலைச் சாயம் காலப்போக்கில துணியை உக்க வைக்கும். பின்பக்கம் அயன் சூட்டில ஒட்டுற பிசின் வலை ஒட்டி வெட்டுறதெண்டா படத்தை கண்ணாடியில பாக்கிற மாதிரி திருப்பி கீற வேணும், இல்லாட்டி அம்மம்மாட மூக்குத்தி மற்றப் பக்கம் போயிடும்.

நான் முதல் முதல் செய்தது என்ட அப்பாவை. கண்ணுக்கு சுத்த வெள்ளைத் துணி வச்சு, கறுமணியைச் சுத்தி முழு வெள்ளை தெரிய தச்சுப்போட்டன். மாமி வந்து பாத்திட்டு, "என்னடி, கொப்பர் பேய் துரத்தின மாதிரி நிக்கிறார்" எண்டா. மேல் இமை கறுமணியில கொஞ்சம் மூடோணும், வெள்ளை எண்டது சாம்பலா இருக்கோணும், கறுமணியில ஒரே ஒரு வெள்ளைத் தையல் போதும், ஒரு ராத்திரி முழுக்க பிரிச்சுப் பிரிச்சு விளங்கிக்கொண்டது இவ்வளவும்தான். மற்றபடி கண் அச்சொட்டா வராட்டியும் பரவாயில்ல, முகத்துக்குக் கீழ அவ ஒவ்வொரு வெள்ளியும் கோயிலுக்கு உடுத்த சீலையிட கரை வந்தா, உங்கட மாமாமார் தூரத்திலயே ஆளைச் சொல்லிடுவினம்.

அடித்துணிக்கு நல்லா தோய்ச்சுக் காயவச்ச வெள்ளைப் பருத்தி எடுங்கோ, நாலு பக்கமும் ரெண்டு இஞ்சி கூட விடுங்கோ, எம்ப்ராய்டரி போடப் போட துணி உள்ள இழுக்கும். சுத்தி வர சீலைத் துண்டுகளை வச்சு, முகத்தை மேல ஒட்டி, துண்டும் துண்டும் சேருற இடத்தில மீன்முள் தையல், இறகுத் தையல், சங்கிலித் தையல். ஆறு இழை நூலில மூண்டு இழை எடுத்தாக் காணும், முகத்தில ஒரு இழை. நூல், லேஸ், பட்டன் எல்லாம் புறக்கோட்டை கெய்சர் வீதிப் பக்கம் ஒரு சுத்துச் சுத்தினா எடுக்கலாம், சனிக்கிழமை மட்டும் போகாதீங்க. பின்னால ஒரு வெள்ளைத் துண்டில அவட பேர், பிறந்த ஊர், எந்தத் துண்டு எந்தச் சீலை எண்டு நூலால தச்சு விடுங்கோ. இல்லாட்டி உங்கட பிள்ளையளுக்கு அதை ஆர் சொல்லுவினம்?

கேள்வி: தோய்ச்சா சீலையில இருக்கிற அம்மாட வாசம் போயிடும் எண்டு மனம் வருதில்ல. தோய்க்காமலே தைக்கலாமா? – கொட்டாஞ்சேனை வாசகி

பதில்: விளங்குது. என்ட அம்மாட சீலையும் கனகாலம் ராணி சந்தன சோப் மணத்தோட இருந்தது. ஆனா வேர்வைக் கறைதான் துணியையும் அரிக்கும், பூச்சியையும் கூப்பிடும். தைக்கிறதைத் தோய்ச்சுப்போட்டு, ஒரு லேஞ்சியை மட்டும் தோய்க்காம மூடி இறுக்கின போத்தல்ல போட்டு வையுங்கோ. தோய்க்க முதல் நனைஞ்ச வெள்ளைத் துணியால சீலையில ஒரு மூலையைத் தேச்சுப் பாருங்கோ, சிவப்பும் கத்தரிப்பூ நிறமும் கூடுதலா சாயம் விடும். சாயம் விடுற பட்டுக்கு தண்ணியே காட்டாதீங்க, ட்ரை க்ளீனிங்குக்குக் குடுங்கோ.

கேள்வி: தச்சு முடிச்சாச்சு, கண்ணாடி போட்டு மாட்டலாமா? – தெஹிவளை வாசகர்

பதில்: மாட்டலாம் தம்பி, ஆனா கண்ணாடி துணியில முட்டக் கூடாது, இடையில கட்டை வச்சு ஃபிரேம் பண்ணச் சொல்லுங்கோ. எங்கட கடல்காத்து ஈரத்துக்கு முட்டினா பூஞ்சணம் பிடிக்கும். வெயில் படுற சுவரும் குளியலறைக்குப் பின்சுவரும் வேண்டாம். மாட்டாம வைக்கிறதெண்டா மடிக்காம, பழைய பருத்தி வேட்டியில சுருட்டி வையுங்கோ, பொலித்தீன்ல சுத்த வேண்டாம், வருசத்துக்கு ரெண்டு தரம் நிழல்ல விரிச்சு காத்தாட விட்டு எடுங்கோ.

கேள்வி: அப்பா உயிரோட இருக்கிறார், அவருக்கு இப்பிடி செய்தா அபசகுனமா? – வத்தளை வாசகி

பதில்: ஏன் பிள்ளை அபசகுனம்? அவரையே கேட்டு, எந்தச் சாரம், எந்தச் சேர்ட் எண்டு அவரே எடுத்துத் தரட்டும். சேர்ட் பொக்கெட்டை மட்டும் பிரிக்காம அப்பிடியே வச்சுத் தையுங்கோ, அவர் அதில பேனை குத்திப் பாப்பார்.