பள்ளி சம்மர் ஃபேரில் ஸ்டால் போடச் சொன்னால்

"இங்கிலாந்து வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. மகன் இயர் 2 படிக்கிறான். ஜூலையில் சம்மர் ஃபேர், எங்கள் வகுப்பு சார்பாக ஒரு விளையாட்டு ஸ்டால் போடச் சொல்லி பிடிஏவில் (பெற்றோர்-ஆசிரியர் சங்கம்) கேட்கிறார்கள். அதிகச் செலவில்லாமல், கையாலேயே செய்கிற மாதிரி என்ன வைக்கலாம்? நம் ஊர் விளையாட்டு எடுபடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எந்த விளையாட்டு என்று யோசிப்பதற்கு முன்னால் ஒரு கணக்கு போடுங்கள். ஃபேர் இரண்டு மணி நேரம், அதாவது 120 நிமிடம். ஒருவர் ஆட ஒரு நிமிடம் பிடித்தால், இடைவெளியே விடாமல் ஓட்டினாலும் 120 பேர்தான். ஆளுக்கு 50 பென்ஸ் என்றால் 60 பவுண்டு. அதே ஆட்டம் மூன்று நிமிடம் இழுத்தால் 20 பவுண்டோடு நின்றுவிடும், வரிசையில் நிற்கும் பொடிசுகள் அழ ஆரம்பிக்கும். அதனால் பார்க்க அழகாக இருக்கிறதா என்பதைவிட, முப்பது நொடியில் முடிகிறதா என்று பாருங்கள்.

இதற்கு நூற்றுக்கு நூறு பொருந்துவது இவர்கள் 'ஸ்ப்ளாட் தி ராட்' என்று சொல்லும் எலி அடி. மேலே குழாயில் எலி பொம்மையை விடுவார்கள், கீழே வெளியே வந்து விழுவதற்குள் ஒரே அடி அடிக்க வேண்டும். பி அண்ட் க்யூ மாதிரி கடைகளில் கிடைக்கும் 68 மி.மீ. மழைநீர்க் குழாய் போதும். 2.5 மீட்டர் நீளம் ஒன்று வாங்கினால் பல துண்டு போடலாம். அறுத்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிசிறில் எலி மாட்டிக்கொள்ளும். 130 செ.மீ. உயரப் பலகையில், அதே அளவுக் கிளிப் இரண்டை ஸ்க்ரூ போட்டு, குழாயைச் செங்குத்தாகப் பொருத்துங்கள். பலகையின் முதுகை வேலியோடு கட்டிவிட வேண்டும். சும்மா சாய்த்து வைத்தால் பத்தாவது அடியிலேயே சரிந்துவிடும்.

நீளத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஒரு மீட்டர் குழாய், கீழே 35 செ.மீ. இடைவெளி என்று வைத்தால் அந்த இடைவெளியை எலி சுமார் 0.07 நொடியில் கடந்துவிடும். கண்ணில் பட்டு கை அசையவே நமக்கு 0.2 நொடிக்கு மேல் ஆகும். ஆறு வயதுப் பிள்ளை அடிப்பதற்கு வாய்ப்பே இல்லை. குழாயை 60 செ.மீ. ஆக்கி, இடைவெளியை 50 செ.மீ. விட்டால் 0.12 நொடி கிடைக்கும். மிச்சத்தை ஸ்டாலில் நிற்பவரின் கை பார்த்துக்கொள்ளும். சின்னவர்களுக்கு எலியை விடுவது தெரியும்படி விடுங்கள், எலி கீழே விழுவதற்குக் கிட்டத்தட்ட அரை நொடி முன்பே தெரிந்துவிடும். அப்பாக்கள் வந்தால் குழாயின் வாயை அட்டையால் மறைத்துக்கொள்ளுங்கள். "ஒன், டூ, த்ரீ" சொல்லி மட்டும் விடாதீர்கள், எல்லோரும் த்ரீக்குக் குறிவைத்து அடித்துப் பரிசைத் தட்டிக்கொண்டு போவார்கள்.

எலிக்குப் பழைய சாக்ஸ் போதும். ஏறத்தாழ 150 கிராம் அரிசியை ஒரு பையில் முடிந்து உள்ளே திணித்து, மேலே இன்னொரு சாக்ஸ் மாட்டித் தைத்துவிடுங்கள். குறுக்களவு 5 செ.மீ. தாண்டக் கூடாது. அடி வாங்க வாங்க எலி சப்பையாகி அகலமாகும், அப்போது குழாயில் சிக்கும். ஆகவே மூன்று எலிகள் தயாராக இருக்கட்டும். காதை ஒட்டாமல் தையுங்கள், ஒட்டிய காது உள்ளே கழன்று அடைத்துக்கொள்ளும். அடிக்க மரக் கட்டை வேண்டாம், நீச்சலுக்கு வைக்கும் ஃபோம் குழாயைப் பாதியாக வெட்டிக் கொடுத்தால் யார் விரலும் நசுங்காது.

வசூல்தான் முக்கியம் என்றால் டோம்போலா, அதாவது சீட்டு எடுத்துப் பரிசு வெல்லும் ஆட்டம். மேசை நிறையப் பரிசு, வாளி நிறையச் சீட்டு. ஒரே எண் இரண்டு பாதியிலும் அச்சான 'க்ளோக்ரூம் டிக்கெட்' புத்தகம் வாங்குங்கள். 0, 5 ஆகியவற்றில் முடியும் எண்ணுக்குப் பரிசு என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். 1 முதல் 300 வரை எடுத்தால் அப்படிப்பட்ட எண்கள் 60 வரும். ஆக 60 பரிசு வேண்டும். அந்த 60 எண்களின் ஒரு பாதியைப் பரிசில் ஒட்டி, மறு பாதியை மற்ற 240 சீட்டுகளோடு வாளியில் போடுங்கள். மூன்று சீட்டு ஒரு பவுண்டு என்று விற்றால் 100 பவுண்டு. ஒட்டியதன் ஜோடியை வாளியில் போட மறப்பதுதான் வழக்கமான தவறு. கடைசியில் சீட்டு தீர்ந்திருக்கும், மேசையில் பரிசு மிச்சம் நிற்கும். சீட்டை ஒரே மடிப்பாக மடியுங்கள், நாலாக மடித்தால் பிரிப்பதற்குள் வரிசை நீண்டுவிடும்.

பரிசுகளுக்குப் பணம் போட வேண்டாம். யூனிஃபார்ம் இல்லாமல் வரும் நாள் ஒன்றைப் பள்ளி அறிவிக்கும், அன்று பிள்ளைகள் ஆளுக்கொரு பொருள் கொண்டுவருவார்கள். மது பாட்டில் வந்தால் பிடிஏவிடம் கொடுத்துவிடுங்கள், பிள்ளைகள் ஆடும் மேசையில் வைக்காதீர்கள். சீட்டு, குலுக்கல் எதுவானாலும் ஃபேர் நடக்கும் இடத்திலேயே அன்றைக்கு விற்றால் லைசென்ஸ் தேவையில்லை. முன்கூட்டியே வெளியில் விற்பதானால் கவுன்சில் பதிவு விவகாரம் வரும், பிடிஏவைக் கேட்காமல் அதில் இறங்க வேண்டாம்.

தோற்ற பிள்ளைக்கும் கையில் ஏதாவது கொடுத்து அனுப்ப வேண்டும். ஸ்டிக்கர், பென்சில் நல்லது. மிட்டாய் என்றால் லேபிளைப் படியுங்கள். ஜெலட்டின் இருந்தால் சைவர்களுக்கு ஆகாது, பன்றி ஜெலட்டின் என்றால் முஸ்லிம் பிள்ளைகளுக்கும் ஆகாது. கடலை, பாதாம் வகையறாவைப் பல பள்ளிகள் வாசலிலேயே தடுத்துவிடும்.

நம் ஊர் விளையாட்டைப் பற்றி உள்ளதைச் சொன்னால், உறியடி வேண்டவே வேண்டாம். கண்ணைக் கட்டிக் கையில் கம்பு கொடுப்பதை ரிஸ்க் அசெஸ்மெண்ட் (ஆபத்து மதிப்பீடு) படிவத்தில் எழுதும்போதே நீங்களே கோடு போட்டு அடித்துவிடுவீர்கள். ஆணி வைத்த பம்பரத்துக்கும் அதே கதிதான். பல்லாங்குழி அருமையான ஆட்டம், ஆனால் முப்பது நொடிக் கணக்குக்கு ஒத்துவராது. கோலம் எடுபடும். விளையாட்டு மைதானத் தார்த்தரையில் சாக்பீஸால் 5க்கு 5 புள்ளி முன்பே வைத்துவிட்டு, ஒரு மாதிரிக் கோலத்தை அட்டையில் வரைந்து நிறுத்துங்கள். ஒரே நேரத்தில் ஆறு பேர் போடலாம், அதனால் நேரம் கூடினாலும் வரிசை நிற்காது. மாவு, கலர்ப்பொடி வேண்டாம், காற்றில் பறக்கும், கால் வழுக்கும்.

இந்தியக் குடும்பம் என்றதும் "மெஹந்தி போடுவீர்களா?" என்று கேட்பார்கள். போடலாம், பணமும் வரும். ஆனால் காய அரை மணியாவது ஆகும், அதற்குள் பிள்ளை வெள்ளைச் சட்டையில் பூசிக்கொள்ளும். விரல் நுனியில் ஒரு சின்னப் பூவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'ப்ளாக் ஹென்னா' கூம்பை மட்டும் தொடாதீர்கள். அதில் கலக்கும் பிபிடி என்ற முடிச்சாயப் பொருள் தோலைக் கொப்புளிக்க வைக்கும். பெற்றோர் சம்மதம் கேட்காமல் எந்தப் பிள்ளைக்கும் போடக் கூடாது.

தண்ணீரில் மிதக்கும் பொம்மை வாத்தைக் கொக்கியால் பிடிக்கும் ஆட்டத்தைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். தொட்டியில் கணுக்கால் ஆழத் தண்ணீர் இருந்தாலும் ஒரு பெரியவர் நகராமல் நிற்க வேண்டும். ஆள் பற்றாக்குறை உள்ள வகுப்புக்கு அது ஒத்துவராது.

சில்லறையாக 20 பவுண்டு, 50 மற்றும் 20 பென்ஸ் காசுகளாக எடுத்துப் போங்கள். கார்டு மெஷின் பிடிஏவிடம் இருக்கிறதா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். கஸீபோ (கூடாரப் பந்தல்) போட்டால் நான்கு காலுக்கும் எடை கட்ட வேண்டும். எலி அடிப் பலகையை வேலியில் கட்டுவதற்குப் பதில், பின்பக்கத்தில் இரண்டு கால் வைத்துத் தனியாக நிற்கும்படி செய்தால் மழை வரும்போது அப்படியே ஹாலுக்குள் தூக்கிக்கொண்டு போகலாம். இங்கே ஜூலையிலும் மழை வரும்.