மர உச்சி எறும்புகள்: கேள்வி பதில்

ஒரே மரத்தில் எத்தனை வகை எறும்பு இருக்கும்? (அடையாறு)
பெரு நாட்டின் தம்போபாட்டாவில் ஒரே மரத்திலிருந்து கிடைத்தவற்றில் 43 இனங்கள் இருந்தன என்று எறும்பு ஆய்வாளர் எட்வர்ட் வில்சன் 1987-ல் எழுதினார். பிரிட்டன் முழுக்கவே ஏறக்குறைய அவ்வளவுதான். அது மழைக்காட்டுக் கணக்கு, கிண்டியில் தேடாதீர்கள்.

அத்தனை உயரத்தில் எப்படிப் பிடிக்கிறார்கள்? (வேளச்சேரி)
நல்ல கேள்வி. விடியற்காலை, காற்று அசையாதபோது, பைரெத்ரம் என்ற பூச்சிக்கொல்லிப் புகையை மேலே விடுவார்கள். கீழே 1 சதுர மீட்டர் துணிப் புனல்கள். அடியில் எத்தனால் குப்பி. சுமார் 2 மணி நேரம் பூச்சிகள் விழுந்துகொண்டே இருக்கும். காற்று எழுந்தால் புகை பக்கத்து மரத்துக்குப் போய்விடும். இலை ஈரமாக இருந்தால் பூச்சி ஒட்டிக்கொண்டு விழாது. இந்த முறையில் பெரிய ஓட்டை வேறு: பட்ட குச்சிக்குள் குடியிருக்கும் டெட்ராபோனெரா, கேட்டாலகஸ் போன்ற எறும்புகள் பெரும்பாலும் தப்பிவிடும். அதனால் பென்சில் தடிமன் காய்ந்த குச்சிகளை வெள்ளைத் தட்டில் வைத்து நீளவாக்கில் பிளந்தும் பார்க்க வேண்டும். வீட்டு மரத்துக்குப் புகை வேண்டாம்: குடையைத் தலைகீழாகப் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். மாதிரிக்கு 70 சதவீத எத்தனால், டிஎன்ஏ பார்ப்பதானால் 95.

எச்சரிக்கை: கருப்புத் தலை, சிவந்த நடுவுடல், கருப்பு வயிறு, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளம் என்றால் கை வைக்காதீர்கள். கொட்டினால் சிலருக்கு ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாகும்.

மாமரத்தில் முசுறு (இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு). பவுடர் போடலாமா? (பெரம்பூர்)
வேண்டாம்.

மாமரத்து முசுறுக்கு என்ன மருந்து? (போரூர்)
பெரம்பூருக்குச் சொன்னதேதான்.

மாவுப்பூச்சியை வளர்ப்பதே முசுறுதானே, அதற்குப் போய் வக்காலத்தா? (மடிப்பாக்கம்)
வளர்க்கிறது, மறுக்கவில்லை. மாவுப்பூச்சி விடும் தேன்துளிதான் அதன் சர்க்கரை. மழைக்காட்டு உச்சியில் எறும்பு இவ்வளவு மலிந்திருப்பதே பெரும்பாலானவை இப்படிச் செடிச்சாற்றில் பிழைப்பதால்தான் என்று 2003-ல் டேவிட்சன் ஆய்வுக் குழு காட்டியது. அதே முசுறு கம்பளிப்புழுவையும் இழுத்துப் போகிறது.

அப்போ நல்லதா கெட்டதா, ஒன்று சொல்லுங்கள். (மீண்டும் மடிப்பாக்கம்)
புழு தொல்லை என்றால் விடுங்கள். மாவுப்பூச்சி மண்டினால் அந்தக் கிளையை வெட்டுங்கள். தண்டில் கிரீஸ் பட்டை கட்டுவோர் கவனத்துக்கு: ஒரு கிளை சுவரிலோ கேபிளிலோ உரசினாலும் அதுவே பாலம். கூட்டையும் ஒருமுறை கிட்டப் போய்ப் பாருங்கள். இலை விளிம்புகளை ஒரு வரிசை பிடித்திழுக்க, இன்னொரு எறும்பு தன் புழுவை வாயில் கவ்வி, தறி நாடாபோல் இப்படியும் அப்படியும் ஓட்டும். நூல் புழுவுடையது.

மரத்திலிருந்து விழுந்தால் எறும்பு சாகுமா? (தாம்பரம்)
சாகாது. செபலோட்டஸ் அட்ராட்டஸ் என்ற அமெரிக்க எறும்பு விழும்போதே திரும்பி, பின்புறம் முன்னால் வரச் சறுக்கி, அதே மரத்தண்டைப் பிடிக்கும். 2005-ல் யானோவியாக் ஆய்வுக் குழு கண்டது.

படம் அனுப்பினேன், என்ன எறும்பு? (அம்பத்தூர்)
மேலிருந்து எடுத்திருக்கிறீர்கள், போதாது. பக்கவாட்டில் எடுங்கள், இடுப்புக் கணு (நடுவுடலுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள முடிச்சு) ஒன்றா இரண்டா தெரிய வேண்டும். இரண்டு கணு, நடுவுடலும் சிவப்பு என்றால் மேலே சொன்ன எச்சரிக்கை உங்களுக்குத்தான்.