அப்பா கையைப் பார்த்துத் தொடங்கும் படிப்பு

தங்கச்சிமடத்திலிருந்து மகளோடு வந்திருந்த அக்காவுக்கு,

"டிசைன்னா துணி தைக்கிறதுதானே சார்?" என்று கேட்டீர்கள். அன்றைக்கு நிதானமாகப் பதில் சொல்ல முடியவில்லை.

உங்கள் மகள் சொன்னது எனக்கு மறக்கவேயில்லை. கடலில் ஈரக் கையில் வழுக்காமலிருக்க, அவள் அப்பா, நம்ம அண்ணன், படகில் வழி காட்டும் ஜி.பி.எஸ். கருவியில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருக்கிறாராம். இருட்டில் தடவிக் கண்டுபிடிக்க ஒரு பொத்தான்மேல் எம்-சீல் பொட்டு வைத்திருக்கிறாராம். பழைய பட்டன் போனில் 5-ஆம் எண் மேல் சின்ன மேடு இருக்குமே, அதே யோசனைதான். கருவி செய்கிறவர்களுக்காக இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து, அளவோடு விதியாக எழுதிக் கொடுப்பது ஒரு தொழில். எர்கனாமிக்ஸ் என்பார்கள். டிசைன் என்றால் துணி மட்டுமல்ல, இதுவும்தான்.

கட்டைவிரல் பொத்தானை எட்ட வேண்டுமென்றால் சின்னக் கையை வைத்து அளவு முடிவாகும். பக்கத்துப் பொத்தானில் விரல் படக் கூடாதென்றால் தடித்த விரலை வைத்து. நடுத்தரக் கைக்கு மட்டும் செய்தால் பாதிப் பேருக்கு எட்டாது. ஆபத்தில் உதவி கேட்க அழுத்தும் பொத்தான் இன்னும் சிக்கல்: பதற்றத்திலும் கைக்குச் சிக்க வேண்டும், வலை இழுக்கும்போது தவறி அமுங்கவும் கூடாது. அதனால்தான் அதற்கு மூடி வைத்து, சில நொடி அழுத்திப் பிடிக்க வைக்கிறார்கள். வலை இழுத்துக் காய்த்துப்போன விரலுக்கு லேசான 'டிக்' உறைக்காது. உப்புத்தண்ணீர் பட்டால் தொடுதிரை தடுமாறும். இந்தியர்களின் உடல் அளவுகளை அகமதாபாத்தில் இருக்கும் தேசிய டிசைன் கல்லூரியான என்.ஐ.டி. 1997-இல் நூலாகவே வெளியிட்டிருக்கிறது. ஆனாலும் கையை நேரில் கவனிக்கிற கண் வேண்டும். அது அவளிடம் இருக்கிறது.

பிளஸ் டூவில் எந்தக் குரூப்பானாலும் யூசீட் (UCEED) என்கிற டிசைன் பட்டப்படிப்பு நுழைவுத்தேர்வை எழுதலாம். ஐ.ஐ.டி. பம்பாய் நடத்துகிறது, தேர்வு ஜனவரியில் வரும், விண்ணப்பம் அதற்குச் சில மாதம் முன்பே. வரைதலும் உண்டு, கேள்விகள் ஆங்கிலத்தில். ஆங்கிலத்துக்கு இப்போதே தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் மெக்கானிக்கல் படித்துவிட்டு, சீட் (CEED) என்கிற நுழைவுத்தேர்வு எழுதி எம்.டெஸ். என்கிற டிசைன் மேற்படிப்புக்குப் போகலாம், சென்னை வண்டலூர் பக்கம் ஐ.ஐ.ஐ.டி.டி.எம். என்கிற மத்திய அரசுக் கல்லூரியிலேயே இருக்கிறது. பல லட்சம் கேட்கும் தனியார் கல்லூரிக்காகப் படகை மட்டும் அடகு வைக்காதீர்கள். வேலை பெங்களூரு, புனே, சென்னைப் பக்கம்தான். அவளை வெளியூர் அனுப்ப மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை வரும்போது, படகு கட்டியிருக்கும் நாளில் அண்ணன் உள்ளங்கையை நோட்டில் வைத்து அவளே வரைந்து எடுத்துவரட்டும். அந்தக் கருவியையும் போட்டோ எடுக்கட்டும், டியூபோடு.