கொண்டை சிவந்தால் சேவல்தானா?

கேள்வி: வீட்டுப் பின்பக்கத்தில் ஐந்து கோழிக்குஞ்சுகள் வளர்க்கிறோம். எல்லாம் ஒரே ஈட்டுக் குஞ்சுகள், ஏழு வாரம் ஆகிறது. ஒன்றுக்கு மட்டும் கொண்டை நன்றாகச் சிவந்துவிட்டது. இன்னொன்று எந்நேரமும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மற்றவற்றோடு மோதுகிறது. இரண்டும் சேவலா? சேவலை எங்களால் வைத்துக்கொள்ள முடியாது, வேறு இடம் பார்க்க வேண்டும். பிள்ளைகள் ஐந்துக்கும் பெயர் வைத்துவிட்டார்கள். தவறாக ஒரு பெட்டையைக் கொடுத்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: கொண்டை சிவந்தது சேவலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மோதுகிறதே, அதைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது. ஆனால் இரண்டில் எதையும் இந்த வாரமே கொடுத்துவிடாதீர்கள். இன்னும் ஐந்தாறு வாரம் பொறுத்தால் இறகே சொல்லிவிடும்.

முதலில் அந்தச் சண்டை. குஞ்சுப் பருவத்தில் பெட்டைகளும் கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு நேருக்கு நேர் எம்பிக் குதிக்கும். யார் பெரியவர், யார் சின்னவர் என்று கூட்டத்துக்குள் முடிவாகும் வயது இது. அந்தப் போட்டியில் பெட்டையும் உண்டு, சேவலும் உண்டு. நிமிர்ந்த நடை, துணிச்சல், காலின் கனம் இவற்றை வைத்துச் சொல்கிறவர்கள் பல நேரம் சரியாகவும் சொல்வார்கள். ஆனாலும் அதை மட்டும் நம்பி ஒரு கோழியை வெளியே அனுப்ப நான் துணிய மாட்டேன்.

கொண்டை அதைவிட நல்ல அடையாளம். வாள் பல் போல ஒற்றை வரிசையில் நிற்கும் கொண்டை உள்ள இனங்களில், ஐந்தாறு வாரத்திலேயே சேவல் குஞ்சின் கொண்டை அடிப்பகுதி தடித்து, இளஞ்சிவப்பாகிப் பிறகு சிவக்கும். தாடையின் கீழே தாடியும் எட்டிப் பார்க்கும். அதே வயதுப் பெட்டைக்குக் கொண்டை மெல்லியதாக, வெளிர் மஞ்சளாகவே கிடக்கும். முட்டைக்கு வரும் காலம் நெருங்கும்போதுதான், பெரும்பாலும் நான்கு மாதத்துக்கு மேல், அது சிவக்கும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெள்ளை லெக்ஹார்ன் போன்ற இனங்களில் பெட்டைக்கே கொண்டை சீக்கிரம் பெரிதாகிவிடும். நான் கோழி வளர்க்கத் தொடங்கிய காலத்தில், பல வகைக் குஞ்சுகள் கலந்திருந்த கூட்டத்தில் ஒரே ஒரு லெக்ஹார்ன் இருந்தது. மற்றவற்றின் வெளிறிய கொண்டைக்கு நடுவே அதன் கொண்டை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. சேவல் என்று முடிவுகட்டி, தெரிந்தவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். ஐந்தாம் மாதம் அவர் வந்து, அது முட்டையிட ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னார். நான் பார்த்த கொண்டை சரி, ஒப்பிட்ட குஞ்சுகள்தான் தவறு. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்: ஒரே இனம், ஒரே வயது என்றால் மட்டுமே கொண்டையை ஒப்பிடுங்கள். அசீல், பிரம்மா போன்ற பட்டாணிக் கொண்டை இனங்களில் கொண்டை தலையோடு ஒட்டிச் சிறியதாக இருக்கும். அங்கே சேவலுக்குக்கூட வித்தியாசம் தாமதமாகத்தான் புலப்படும்.

சரி, எதை நம்பலாம்? முதுகு முடிந்து வால் தொடங்கும் இடத்து இறகுகளை. அந்தி சாய்ந்து கோழிகள் அடைந்த பிறகு போங்கள், அப்போது அவை மிரளாது. ஒன்றைத் தூக்கி, இறக்கைகள் விரியாதபடி அக்குளில் அணைத்துக்கொண்டு, டார்ச்சை அடித்து அந்த இடத்து இறகுகளை விரலால் மெல்லப் பிரித்துப் பாருங்கள். பெட்டை என்றால் ஒவ்வொரு இறகின் நுனியும் கரண்டி போல உருண்டையாக, ஒன்றின் மேல் ஒன்று ஓடு வேய்ந்தது போலப் படிந்திருக்கும். சேவல் என்றால், பழைய உருண்டை இறகுகளுக்கு இடையே புதிதாகச் சில இறகுகள் குறுகலாக, நீண்டு, வேல் முனை போலக் கூர்ந்து, ஒரு மினுமினுப்போடு கிளம்பியிருக்கும். நிறையத் தேட வேண்டியதில்லை, அப்படி நாலைந்து தெரிந்தாலே போதும். சில குஞ்சுகளில் பத்து வாரத்திலேயே தெரிந்துவிடும். பன்னிரண்டு முதல் பதினான்கு வாரத்துக்குள் பெரும்பாலான இனங்களில் சந்தேகம் தீர்ந்துவிடும். கழுத்து இறகிலும் இதே வித்தியாசம் வரும், ஆனால் சில இனங்களில் பெட்டையின் கழுத்து இறகும் ஓரளவு கூர்மையாக இருப்பதால் நான் முதுகையே பார்ப்பேன்.

இறகை ஏன் இவ்வளவு நம்புகிறேன் என்று கேட்கலாம். கோழி இனத்தில் இறகை உருண்டையாக்குவது பெட்டையின் சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். அது இல்லாவிட்டால் இறகு தானாகவே சேவல் இறகாக, கூர் நுனியோடு வளரும். நோயால் சினைப்பை கெட்டுப்போன பெட்டைக்கு, அடுத்த முறை இறகு உதிர்ந்து முளைக்கும்போது சேவல் இறகு வருவதும் இதனால்தான். கொண்டை சிவப்பது வேறு கணக்கு, அது ஆண் ஹார்மோனின் வேலை. முட்டைக்கு வரும் பெட்டையின் உடலிலும் அந்த ஹார்மோன் கொஞ்சம் ஊறுவதால்தான் அதன் கொண்டையும் சிவக்கிறது. ஆகவே சிவந்த கொண்டை சேவலுக்கும் வரும், பெட்டைக்கும் வரும், இறகு அவ்வளவாக ஏமாற்றாது. விலக்கும் உண்டு. செப்ரைட் என்ற குட்டை இனத்தில் சேவலுக்கும் பெட்டையின் இறகுதான். சில்கி இனத்தில் இறகு பஞ்சு போல இருப்பதால் நுனியைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. அது கூவும்வரை அல்லது முட்டையிடும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

நிறம் சில நேரம் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். பல நிற இறகுள்ள கோழிகளில், ஆறேழு வாரத்தில் இறக்கையின் தோள்பட்டையில் திட்டுத்திட்டாக அடர்சிவப்போ கறுப்போ ஏறினால் அது பெரும்பாலும் சேவல். பெட்டையின் நிறம் உடல் முழுக்க ஒரே சீராகப் பரவும். பிளைமவுத் ராக் போன்ற கோடு போட்ட இனத்தில் சேவல் வெளிறித் தெரியும். கோடு போடும் மரபணு, சேவலா பெட்டையா என்பதோடு தொடர்புள்ள இசட் குரோமோசோமில் இருக்கிறது. சேவலுக்கு இசட் இரண்டு, பெட்டைக்கு ஒன்றுதான். அதனால் சேவலுக்கு வெள்ளைக் கோடு அகலமாக விழுகிறது.

கூவுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், தொண்டை கட்டியது போன்ற அந்த முதல் கூவல் எட்டு வாரத்திலும் வரலாம், நான்கு மாதத்திலும் வரலாம். ஆனால் கூவவில்லை என்பதால் பெட்டை என்று நினைக்காதீர்கள். அதட்டும் சேவல் ஒன்று கூடவே இருந்தால் மற்றது அடங்கியே கிடக்கும்.

பிறந்த அன்றே கண்டுபிடிப்பார்களே என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். குஞ்சின் எச்சத்துவாரத்தைப் பிதுக்கிப் பார்க்கும் முறையை 1920களில் ஜப்பானில் வகுத்தார்கள். அதற்கென்றே நீண்ட பயிற்சி பெற்றவர்கள் செய்யும் வேலை அது. தெரியாமல் அழுத்தினால் குஞ்சின் உள்ளுறுப்பு காயப்படும், தயவுசெய்து முயலாதீர்கள். இறக்கை இறகின் நீளத்தைப் பார்ப்பது அதற்காகவே கலப்பு செய்த குஞ்சுகளில் மட்டும், அதுவும் முதல் ஓரிரு நாளில்தான் பலிக்கும். முட்டையின் கூர்மையை வைத்துச் சொல்வதும், குஞ்சின் மேல் மோதிரத்தை நூலில் கட்டி ஆட்டுவதும் காசு சுண்டுவதற்குச் சமம்.

பிரிக்காமல் வாங்கிய குஞ்சுகள் என்றால் பாதிக்குப் பாதி என்பதுதான் கணக்கு. ஐந்தும் பெட்டையாக இருக்க 32இல் ஒரு வாய்ப்புதான். அதனால் ஒரு சேவலாவது இருக்கும் என்று இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றின் காலிலும் ஒரு நிற வளையம் போட்டு, வாரம் ஒரு நாள் பக்கவாட்டில் ஒன்று, முதுகில் ஒன்று எனப் படம் எடுத்து வையுங்கள். பிள்ளைகளே ஆசையாகச் செய்வார்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் படத்தை அடுக்கிப் பார்த்தால் தெரியும். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. கால் வேகமாகப் பருக்கும், படம் எடுக்கும் நாளில் வளையம் சுழல்கிறதா என்று பார்த்து மாற்றுங்கள். இறுகினால் கால் வீங்கிவிடும்.

சேவலுக்கான இடத்தை மட்டும் இப்போதே பேசி வையுங்கள், கூவல் முந்திக்கொள்ளலாம். பன்னிரண்டாம் வாரம் சிவப்புக் கொண்டையின் முதுகைப் பிரித்துப் பாருங்கள். கூர் இறகு வந்திருந்தால் கொடுத்துவிடலாம். கொடுக்கும்போது பெயரையும் சொல்லிக் கொடுங்கள், எப்படி இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.